இலை கட்டி வந்தவர்கள்

குமணன்சாவடி
16-6-1988

சிஸ்டர் அருள்செல்வி அவர்களுக்கு,

ராணி எழுதுகிறேன். மருந்தகத்தில் ஆயா வேலை பார்க்கும் ராணிதான். இங்கே எல்லாரும் நலம் என்று தொடங்கலாமென்று பார்த்தேன், கை வரவில்லை. உங்கள் விலாசத்தை மடத்துச் சமையற்கட்டு ரோஸி யாருக்கும் தெரியாமல் கொடுத்தாள். அவளைக் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்.

தங்கை வீட்டு விசேஷத்துக்குப் பட்டாபிராம் போய்விட்டு ரெண்டு நாளில் திரும்பி வந்தேன். உங்கள் அறை பூட்டியிருந்தது. வேறு ஒரு சிஸ்டர் நின்றுகொண்டு, "அவங்க மாத்தலாகிப் போயாச்சு. நீ போய்த் தரையைத் துடை" என்றார். எட்டு வருஷம் உங்கள் பக்கத்தில் நின்று பஞ்சு நறுக்கியிருக்கிறேன், ஊசி கொதிக்கவைத்திருக்கிறேன். ஒரு வார்த்தை எழுதி ரோஸியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

நேற்று புதன்கிழமை. மத்தியானம் மருந்தகம் பூட்டியதும் வழக்கம்போலப் பெண்கள் பையோடு கேட்டருகே வந்து நின்றார்கள். "இன்னாமே ராணி, சிஸ்டர் வர்லியா?" என்று பத்மா கேட்டாள். மாற்றலாகிவிட்டது என்றேன். யாரும் நம்பவில்லை. சொல்லாமல் போகிறவர் இல்லை என்றார்கள். அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

மருந்தகத்தின் பின்பக்கம் நாம் எதையும் பிடுங்காமல் விட்டுவைத்த இடம் இருந்ததே, அதை ஆள் வைத்துச் செதுக்கிவிட்டார்கள். கீழாநெல்லி, துத்தி, சுவரோரம் படர்ந்த முடக்கத்தான், ஒன்றும் மிச்சமில்லை. செங்கல் பதித்து ரோஜாத் தொட்டி வைத்திருக்கிறார்கள். புது சிஸ்டரை நான் குறை சொல்லவில்லை. சுத்தமாகத்தான் இருக்கிறது.

நாங்களே ஏரிக்கரைக்குப் போய்க் கீரை பறித்து வந்தோம். எல்லம்மா வரவில்லை. காலில் புண் ஆறவில்லையாம். செங்கல் சூளைக்கும் போகாமல் வீட்டிலேயே கிடக்கிறாள்.

நீங்கள்தானே சிஸ்டர் இதை ஆரம்பித்தீர்கள்? சத்து மாத்திரைக்கு வந்த எல்லம்மாவிடம், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டீர்கள். ஒன்றுமில்லை என்றாள். அவள் பையிலிருந்து மூக்கிரட்டைக் கீரை எட்டிப் பார்த்தது. அவள் திருடியவள்போல அதை உள்ளே தள்ளினாள். நீங்கள் அவளைத் திட்டாமல், "இது எங்கே கிடைக்குது? என்னையும் கூட்டிப்போ" என்றீர்கள். நான்கு வருஷமாக எத்தனை பேர் அப்படி வந்திருப்பார்கள்! உடம்புக்கு மருந்து கிடைத்ததோ இல்லையோ, வாரத்தில் ஒரு மத்தியானம் எங்களை யாரும் ஏசவில்லை.

பதில் போடுங்கள்.

ராணி

*

கோத்தகிரி
27-6-1988

அன்புள்ள ராணி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீ கோபப்படுவது நியாயம்.

இரவு ஜெபம் முடிந்தபின் எங்கள் சபைத் தலைவி அம்மா கூப்பிட்டுச் சொன்னார். விடிந்ததும் ரயில். எங்களுக்கு இது புதிதல்ல. கீழ்ப்படிகிறேன் என்று வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் காரணம் கேட்பதில்லை. ரோஸியிடம் சொல்லிவிட்டுப் போக நினைத்துச் சமையற்கட்டுவரை வந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. திரும்பிவிட்டேன்.

இது வயதான கன்னியர்களுக்கான இல்லம். குளிர் எலும்புக்குள் போகிறது. ஒன்பது கிழவிகள். அவர்களைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் படுக்கை மாற்றுவதும் என் வேலை. கடைசி அறையில் இருப்பவர் மதர் க்ளோதில்ட். பெல்ஜியம் நாட்டுக்காரர். உனக்கு அந்தப் பெயர் தெரியும். நம் மருந்தகத்தை ஆரம்பித்தவர். வாசலில் மாட்டியிருந்த பழைய பலகையை எழுதவைத்தவரும் அவர்தான்: "பச்சிலை பூசி வருபவர்கள் குழாயடியில் கழுவிவிட்டு வரிசையின் கடைசியில் நிற்கவும்." அந்தப் பலகையை நீயும் நானும் கழற்றி விறகோடு போட்டோம். இப்போது அவருக்கு நான் கஞ்சி ஊட்டுகிறேன். அவருக்கு என்னை யாரென்று தெரியாது.

ராணி, புதன்கிழமை நடையை நிறுத்திவிடுங்கள். கொஞ்ச காலமாவது. என்னால் உங்களுக்கு வம்பு வரவேண்டாம். பங்குக் கோயிலில் ஏற்கெனவே பேச்சு இருந்தது, உனக்குத் தெரியாது. கீரை பறிப்பது பாவமா என்று சிரிக்காதே, அப்படிக் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

எல்லம்மா சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? புண்ணைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொல். கீரை சாப்பிடட்டும், ஆனால் மாத்திரையை விடக்கூடாது என்று அவளிடம் நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன். நீயும் சொல்.

எனக்கு அசதியாக இருக்கிறது. தூங்கி எழுந்தாலும் போவதில்லை.

இயேசுவின் அன்பில்,
சிஸ்டர் அருள்செல்வி

*

குமணன்சாவடி
8-9-1988

சிஸ்டர் அவர்களுக்கு,

எல்லம்மாவின் வலது காலில் ரெண்டு விரலை எடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை ஆபரேஷன் நடந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை.

அன்று மாலை அவள் மகன் முனியன் ஆட்டோவை என் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுத் தெருவே கேட்கிற மாதிரி கத்தினான். "இன்னா இலையைக் குடுத்தீங்க எங்கம்மாவுக்கு? நல்லா நடந்துகினு இருந்தவ. நீயும் அந்த சிஸ்டரும் ஏரிக்கரைக்கு இட்டுகினு போய் அவ காலை எடுத்துட்டீங்க." என் வீட்டுக்காரர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார், எழுந்து வரவில்லை. பெற்ற தாய்க்காக அழுகிற பிள்ளையோடு சண்டை போடவா முடியும்?

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எல்லம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பாமலேயே சொன்னாள். பங்குனி மாசமே அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். புண்ணில் குப்பைமேனி அரைத்துக் கட்டியிருந்தாள். அங்கிருந்த நர்ஸ் எல்லார் எதிரிலும், "பச்சிலை கட்டிகினு வர்றவளுக்கு இங்க இன்னா வேலை? போய்க் கழுவிகினு வந்து கடைசில நில்லு" என்று சொல்லியிருக்கிறாள். இவள் கழுவினாள். கடைசியில் நின்றாள். அவள் முறை வருவதற்குள் சீட்டு எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். திரும்பி வந்தவள் அப்புறம் போகவே இல்லை. மாத்திரை தீர்ந்தபின் வாங்கவும் இல்லை. "உங்ககிட்ட சொன்னா நீங்களும் கத்துவீங்கன்னு சொல்லல" என்றாள். இலையால் கால் போகவில்லை சிஸ்டர். இலைக்காக ஏச்சு வாங்கியதால் போயிருக்கிறது.

இதை முனியனிடம் சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை பூசையில் உங்கள் சாமியார் பிரசங்கத்தில் இந்த விஷயத்தைப் பேசினாராம். ரோஸி வந்து சொன்னாள். புதன்கிழமை நடை ஒரு தவறு, அறியாமையும் மூடப்பழக்கமும் சேர்ந்தது, அதை நடத்திய சிஸ்டரே அப்படி ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று சொன்னாராம். முனியனுக்கு அது போதும். ஊருக்கும் போதும்.

நான் பூசைக்கு வருகிறவள் இல்லை. அதனால் உங்களிடமே கேட்கிறேன். கையெழுத்துப் போட்டீர்களா?

ராணி

*

கோத்தகிரி
19-9-1988

ராணி,

போட்டேன்.

ஜூலை மாதம் தலைவி அம்மா இங்கே வந்தார். புதன்கிழமை நடை தவறு என்று நான் ஒப்புக்கொள்வதாக எழுதியே கொண்டுவந்திருந்தார். பேச்சறையில் பிற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தோம். நாங்கள் யாருக்கும் வைத்தியம் செய்யவில்லை, மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை, பெண்கள் தங்களுக்குத் தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள், நான் கூடப் போனேன், அவ்வளவுதான் என்றேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல. "இதை முடிச்சுவிடு அருள், எல்லாருக்கும் களைப்பா இருக்கு" என்றார். மாடியில் ஒரு கிழவி என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், படுக்கை நனைந்திருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டு மேலே போனேன்.

பயந்து போட்டேன் என்றால்கூட ஒரு மரியாதை இருக்கும். அசதியில் போட்டேன்.

எல்லம்மாவின் கால் செய்தியைப் படித்தபின் என்னால் சாப்பிட முடியவில்லை. அவளிடம் என் பெயரைச் சொல்லாதே. எனக்கு எழுதுவதும் உனக்கு நல்லதல்ல.

அருள்செல்வி

*

குமணன்சாவடி
4-10-1988

சிஸ்டருக்கு,

சரி. எழுதவில்லை. இது மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இனிமேல் அந்தப் பெண்களோடு ஏரிக்கரைக்குப் போவதில்லை என்று சாமியார் முன்னால் சொல்லச் சொன்னார்கள். "சொல்லிட்டு வேலையப் பாருமே" என்று ரோஸிகூடக் கெஞ்சினாள். சிஸ்டரே சொல்லிவிட்டார், எனக்கென்ன என்று சொல்லிவிடத்தான் போனேன். அங்கே போய் நின்றதும் வாய் வரவில்லை. வீரமெல்லாம் ஒன்றுமில்லை. வரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் டப்பா கம்பெனியில் மூடி பொருத்துகிறேன். நாள் முழுக்க நின்றே வேலை. புதன்கிழமை இனி எனக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லம்மா வீட்டில் கூடுகிறோம். அவளால் நடக்க முடியாததால் வழியில் கிடைப்பதை ஆளுக்குக் கொஞ்சம் பறித்துப்போய் அவள் முன்னால் கொட்டுகிறோம். அவளே ஆய்ந்து பங்கு பிரிக்கிறாள். முனியன் நாங்கள் இருக்கும்வரை வீட்டுக்கு வருவதில்லை.

ஆஸ்பத்திரிக்கு எல்லம்மாவை இனிமேல் தனியாக விடுவதில்லை. முறை வைத்துக்கொண்டு ஒருத்தி கூடப் போகிறோம். மற்றவர்களுக்கும் அப்படித்தான்.

ராணி

*

கோத்தகிரி
12-12-1988

அன்புள்ள ராணி,

நீ பதில் போடவேண்டாம். படித்தால் போதும்.

மதர் க்ளோதில்ட் போன மாதக் கடைசியில் இறந்துவிட்டார். அவரைப் பற்றி உன்னிடம்தான் சொல்லவேண்டும் என்று தோன்றுகிறது. இங்கே யாரிடம் சொன்னாலும் ஜெபமாலை எடுத்துவிடுவார்கள்.

ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து அவருக்குத் தமிழ் போய்விட்டது. அறுபது வருஷம் பேசிய தமிழ். பிரெஞ்சு மட்டும் மிஞ்சியது. கன்னியாஸ்திரி ஆவதற்குமுன் நவசந்நியாசத்தில் நான் படித்த பிரெஞ்சு கொஞ்சம் இருந்ததால் நானே பக்கத்தில் இருக்கவேண்டியதாயிற்று. அவர் ஒரே வார்த்தையைச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஓர்த்தி, ஓர்த்தி" என்று. யாரோ தோழி என்று நினைத்தேன். வருவாள் மதர் என்று சொல்லிவைத்தேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டி, வாயில் கையை வைத்துக் காட்டினார். அகராதியைப் பார்த்தேன். தொட்டால் அரிக்கும் ஒரு செடியின் பெயர் அது. நம் பக்கத்துக் காஞ்சொறி மாதிரி.

அப்புறம் துண்டுதுண்டாகச் சொன்னார். அவர் சிறுமியாக இருந்தபோது அங்கே பெரிய சண்டை. சாப்பாடு இல்லை. அம்மா சாலையோரப் பள்ளத்திலிருந்து அந்த இலையைக் கிள்ளி வந்து சூப் வைப்பாளாம். இவரும் கூடப்போய்ப் பறிப்பாராம். விரலெல்லாம் பச்சைக் கறை. அந்தக் கையோடு கன்னியர் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு கன்னியாஸ்திரி சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, இவரை வரிசையில் கடைசியாக நிற்கவைத்தார்.

ராணி, இதைக் கேட்டபோது எனக்கு இரக்கம் முதலில் வரவில்லை. கோபம்தான் வந்தது. வலி தெரிந்தவர்தானே, அதையே கொண்டுவந்து நம் வாசலில் எழுதி மாட்டினாரே என்று. அப்புறம் அவர் கையைப் பார்த்தேன். குச்சி மாதிரிக் கை. யாரிடம் கோபித்துக்கொள்வது? ஒன்று மட்டும் எனக்கு விளங்கியது. எல்லம்மா அன்று கீரையைப் பைக்குள் தள்ளினாளே, அந்த வெட்கம் நம் ஏரிக்கரையில் முளைத்ததில்லை. எங்கோ ஒரு சிறுமியின் கையில் தேய்த்து ஏற்றியது, கப்பலேறி வந்து, பலகையில் எழுதப்பட்டு, இன்று அந்த ஆஸ்பத்திரி நர்ஸின் வாயில் இருக்கிறது. நம் வெட்கம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இங்கே சமையலுக்கு வரும் பெண்ணிடம் விசாரித்தேன். அந்தச் செடியேதானா தெரியாது, ஆனால் அரிக்கிற இலை ஒன்று ஓடையோரம் நிறைய உண்டு, கொழுந்தாகக் கிள்ளி வேகவைத்தால் அரிக்காது, எங்கள் வீட்டில் சமைப்போம் என்றாள். சொல்லிவிட்டு, "இதெல்லாம் மடத்துக்குள்ள கொண்டுவரலாமா சிஸ்டர்?" என்று பயந்தாள். கொண்டுவரலாம் என்றேன். நானும் கூடப் போனேன். கோத்தகிரி வந்து ஆறு மாதத்தில் அன்றுதான் கேட்டைத் தாண்டினேன். துணி சுற்றிப் பறித்தும் விரல் முழுக்கத் தடிப்பு. ரெண்டு நாள் பேனா பிடிக்க முடியவில்லை.

சூப்பை ஊட்டினேன். ரெண்டு கரண்டி குடித்தார். இது அது இல்லை என்றார். பிறகு இன்னும் ஒரு கரண்டி கேட்டார். அதற்கப்புறம் கிடந்த நாட்களில் அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. இரவில் கத்தவும் இல்லை.

அடக்கம் முடிந்ததும் தலைவி அம்மாவுக்கும் உங்கள் பங்குச் சாமியாருக்கும் எழுதினேன். நான் போட்ட கையெழுத்து பொய் என்றும், அசதியில் போட்டது என்றும் எழுதினேன். அந்தப் பெண்கள் யாருக்கும் மூடப்பழக்கம் சொல்லிக்கொடுக்கப்படவில்லை என்றும், எல்லம்மா மாத்திரையை விட்டது ஏரிக்கரையால் அல்ல, வரிசையின் கடைசியில் நிறுத்தப்பட்டதால் என்றும் எழுதினேன். அதைப் பூசையில் படிக்கும்படி கேட்டிருக்கிறேன். படிக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். அதனால் இன்னொரு பிரதி எழுதி இத்தோடு வைத்திருக்கிறேன். நீ என்ன வேண்டுமானாலும் செய். முனியனிடம், உன் வீட்டு வாசலில் நின்று அவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவள் நான்தான் என்று சொல்.

தலைவி அம்மாவின் பதில் சனிக்கிழமை வந்தது. இனிமேல் எனக்குப் பூந்தமல்லிப் பக்கமும் இல்லை, மருந்தகமும் இல்லை. இங்கேயே இருக்கவேண்டும். இந்த முறை கீழ்ப்படிவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. எட்டுக் கிழவிகள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரையும், சின்ன வயதில் உங்கள் வீட்டில் என்ன கீரை என்று கேட்க ஆரம்பித்திருக்கிறேன். ஒருவர் நேற்று கேட்டதும் அழுதார், பிறகு பாதி நாள் பேசிக்கொண்டிருந்தார்.

உன் வேலை போனதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதை நினைக்காத நாளில்லை.

உன்,
அருள்செல்வி

*

குமணன்சாவடி
16-1-1989

சிஸ்டருக்கு,

பதில் போடவேண்டாம் என்றீர்கள். பொங்கல் லீவு, கால் வீங்கிக் கிடக்கிறது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீங்கள் நினைத்ததுபோல் சாமியார் படிக்கவில்லை. ரோஸிதான் ஞாயிற்றுக்கிழமை பூசை விட்டதும் கோயில் கேட்டுக்கு வெளியே, பஸ் நிற்கிற இடத்தில் நின்று சத்தமாகப் படித்தாள். பாதியில் தாளின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் பேர் நின்று கேட்டார்கள். கொஞ்சம் பேர் பஸ் வந்ததும் ஏறிவிட்டார்கள். ஒரு அம்மா, "இப்ப சொல்லி இன்னா பிரயோஜனம்" என்றாள். அவள் சொன்னது தப்பில்லை. ரோஸிக்கு வேலை போகவில்லை, சமையலுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையாம்.

முனியனுக்கு அவன் வீட்டிலேயே படித்துக் காட்டினேன். சுவரில் சாய்ந்து கேட்டான். முடிந்ததும், "அவங்க வருவாங்களா?" என்றான். வரமாட்டாங்க, விடமாட்டாங்க என்றேன். "அப்ப இன்னாத்துக்கு எழுதிகினு கீறாங்க?" என்று கேட்டான். எல்லம்மாதான் உள்ளேயிருந்து, "நான் கடைசில நின்னதை எழுதிக்கீறாங்கடா, அதுக்குத்தான்" என்றாள். மகனிடம் அதுவரை அவள் அதைச் சொன்னதில்லை. அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு வெளியே போய் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டான். ரொம்ப நேரம் வண்டியை எடுக்கவில்லை.

போன மாசக் கடைசியில் பத்மா எல்லம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அன்றைக்கு ஒரு சின்ன வயசு டாக்டரம்மா இருந்தார்களாம். காலில் என்ன போடுகிறாய் என்று கேட்டதற்கு, எல்லம்மா பயந்துகொண்டே, முன்னால் இலை கட்டினேன் என்றாள். "புண்ணில வேணாம்மா. குழம்பில போட்டுச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு மாத்திரை எழுதினார்களாம். அவ்வளவுதான். கத்தவில்லை. அதைப் பத்மா வந்து ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மதர் க்ளோதில்ட் கதையையும் எங்கள் கூட்டத்தில் படித்தேன். வெள்ளைக்காரம்மா பள்ளத்தில் கீரை பறித்ததை முதலில் யாரும் நம்பவில்லை. அப்புறம் எல்லம்மா, மூணு கரண்டி குடித்தாரா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "பாவம், பசியோட வந்துக்கீது அந்தப் பொண்ணு" என்றாள்.

உங்கள் மேல் கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். கம்பெனியில் நின்று நின்று முட்டி வலிக்கும்போதெல்லாம் வருகிறது. வந்துவிட்டுப் போகிறது. நீங்கள் கிழவிகளிடம் கேட்டு எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் படித்துக் காட்டுகிறேன்.

நேற்று மாட்டுப்பொங்கல். சாயங்காலம் நாங்கள் எல்லம்மா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். முனியனின் ஆட்டோ ஏரிக்கரைப் பக்கம் போவதைப் பார்த்தோம். போய்ப் பார்த்தால் எல்லம்மாவைக் கரையில் இறக்கி உட்காரவைத்திருக்கிறான். எங்களைப் பார்க்காமல், "பொழுது சாய வந்து இட்டுகினு போறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினான். நாலு பேர்தான் இருந்தோம். எல்லாருக்கும் உடம்பு அலுத்துப்போயிருந்தது. மூக்கிரட்டை காலடியில் படர்ந்து கிடந்தது. யாரும் குனியவில்லை. ஒன்றும் பறிக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தோம். எல்லம்மா செருப்பைக் கழற்றினாள். கழற்றாதே, முள் குத்தும், இந்தக் காலோடு வேண்டாம் என்று திட்டினேன். அவள் கேட்கவில்லை. மிச்சமிருக்கிற விரல்களைப் புல்லின் மேல் வைத்துக்கொண்டு, "கொஞ்ச நேரம் இருக்கட்டும் ராணி" என்றாள்.

இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ராணி